கிங் பேசியது பதினேழு நிமிடம். நடந்தது 381 நாள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே, பிள்ளைகளுக்கு உரை எழுதித் தரும் ஆசிரியர்களே, என்னோடு நடுவர் நாற்காலியில் உட்காரும் நண்பர்களே, வணக்கம்.

சென்ற ஜனவரியில் ஒரு பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அமெரிக்கக் கருப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கைத் தலைப்பாகக் கொடுத்திருந்தார்கள். பதினாறு பேர் பேசினார்கள். அவர்களில் பதினான்கு பேர் ஒரே மாதிரி வலக்கையை உயர்த்தி, ஒரே மாதிரி குரலைத் தாழ்த்தி, 'எனக்கொரு கனவு இருக்கிறது' என்றார்கள். முதல் பரிசு வாங்கிய பையன் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கை நீளத்தில் விரல்நுனி மட்டுமே வெளியே தெரிந்தது. நல்ல கணீர்க் குரல். கேடயத்தைக் கொடுக்கும்போது அவனிடம், "தம்பி, அந்தக் கனவு பலிக்க அவர் என்னப்பா செய்தார்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசினார் சார்" என்றான்.

அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாம் சொல்லிக் கொடுத்ததைத்தானே சொன்னான்.

அதே மேடையில் ஒரு சிறுமி, கேக் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் சேர்த்த ஒரு சமையல்காரப் பெண்ணைப் பற்றிப் பேசினாள். கையை உயர்த்தவில்லை, குரலை ஏற்றி இறக்கவும் இல்லை. வீட்டுத் திண்ணையில் யாருக்கோ கதை சொல்கிற மாதிரி சொன்னாள். கிங்கின் பெயர் அவள் பேச்சில் மூன்று முறைதான் வந்தது. 'தலைப்புப் பொருத்தம்' என்ற கட்டத்தில் மூன்று நடுவர்களும் அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தோம். நானும்தான் குறைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. அன்று அந்த மண்டபத்தில் கிங்கைச் சரியாகப் புரிந்துகொண்டு பேசியவள் அவள் ஒருத்திதான். அதை உங்கள் முன் சொல்லியாக வேண்டும் என்றுதான் இந்த மடல்.

அவள் சொன்ன கதை அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரத்தில் நடந்தது. அங்கே பேருந்தில் ஏறும் கருப்பினத்தவர் முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்துபோய் ஏற வேண்டும். சில நேரம் அவர்கள் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுவார். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கருப்பினப் பெண் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அதே ஆண்டு மார்ச்சில் கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி அதையே செய்து கைதாகியிருந்தாள். நம் போட்டி மேடைகளில் அவள் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பள்ளிப் பிள்ளைகள் பேசும் மேடையில் ஒரு பள்ளிப் பிள்ளையின் பெயர் வராமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ரோசா பார்க்ஸ் கைதான இரவில் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை தூங்கவில்லை. தன் கல்லூரியிலிருந்த படியெடுக்கும் கருவியில் விடிய விடியத் துண்டறிக்கை அச்சிட்டார். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்பதுதான் செய்தி. பல்லாயிரம் படிகள். துணைக்கு ஒரு சக ஆசிரியரும் இரண்டு மாணவர்களும். காலையில் வகுப்பு எடுத்துவிட்டு, அதன்பிறகு பள்ளி பள்ளியாகப் போய் விநியோகித்தார்கள். இது நடந்தபோது கிங்குக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. ஊருக்கு வந்து ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகியிருந்த 26 வயதுப் பாதிரியார் அவர். வீட்டில் பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தை. டிசம்பர் 5 அன்று பேருந்துகள் காலியாக ஓடிய பிறகுதான் போராட்டக் குழுவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். ஆசிரியர்களே, அந்தப் போராட்டத்துக்கு முதல் மை தடவியது ஓர் ஆசிரியையின் கை. இதை நம் பிள்ளைகளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறோம்?

ஒருநாள் என்று தொடங்கியது 381 நாள் நீண்டது. யோசித்துப் பாருங்கள். வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள் மழையிலும் குளிரிலும் மைல் கணக்கில் நடந்தார்கள். மற்றவர்களை ஏற்றிப்போக ஏறக்குறைய முந்நூறு கார்கள். எந்த முனையில் யார் நிற்பது, எந்த வண்டி எப்போது வரும், பெட்ரோலுக்கு யார் பணம் தருவது என்று ஒரு போக்குவரத்துக் கழகத்தையே தேவாலயங்களுக்குள் உட்கார்ந்து நடத்தினார்கள். உள்ளூரில் அந்த வண்டிகளுக்குக் காப்பீடு மறுக்கப்பட்டபோது, லண்டனில் உள்ள லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை வரை போய்க் காப்பீடு வாங்கினார்கள். கார்களைக் காவல்துறை சின்னச் சின்னக் காரணம் காட்டி நிறுத்திக்கொண்டே இருந்தது. கிங் முதன்முதலாகச் சிறைக்குள் போனது பெரிய புரட்சி வசனம் எதுவும் பேசியதற்காக இல்லை. மணிக்கு 25 மைல் போக வேண்டிய தெருவில் 30 மைல் வேகத்தில் காரை ஓட்டினார் என்று சொல்லிப் பிடித்துப் போனார்கள்.

அந்தச் சமையல்காரப் பெண்ணுக்கு வருகிறேன். பெயர் ஜார்ஜியா கில்மோர். ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். நீதிமன்றத்தில் பேருந்து ஓட்டுநர் தன்னை நடத்திய விதத்தைச் சாட்சியாகச் சொன்னதால் வேலை போயிற்று. அவர் தன் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுத்தார், கேக் செய்தார், பழம் வைத்த 'பை' என்ற பண்டம் சுட்டார். அழகு நிலையங்களிலும் வீட்டு வாசல்களிலும் விற்றார்கள். வந்த பணத்தைக் கூட்டத்தில் எண்ணிக் கொடுப்பார். யார் கொடுத்த பணம் என்று தெரிந்தால் அந்தப் பெண்களுக்கும் வேலை போகும். ஆகவே எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், 'எங்கிருந்தும் வரவில்லை' என்பதுதான் பதில். அந்தக் குழுவுக்கு அதுவே பெயராகிவிட்டது. பெட்ரோலாகவும் டயராகவும் மாறியது அந்தப் பணம். அடுப்படி வெப்பத்தில் நின்று மாவு பிசைந்த அந்தக் கைகளை விட்டுவிட்டு அறவழிப் போராட்டத்தை எப்படி விளக்குவீர்கள்?

அறவழி கிங்குக்குப் பிறவிக்குணம் என்பது போலவும் நம் உரைகள் எழுதப்படுகின்றன. 'அன்பே உருவானவர்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். 1956 ஜனவரி 30 இரவு அவர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுத் தாழ்வாரத்தில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கோரெட்டாவும் கைக்குழந்தையும். நல்லவேளையாக உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தி கேட்டு ஓடிவந்த கூட்டத்தில் கத்தியும் துப்பாக்கியும் இருந்தன. போலீஸ்காரர்கள் பயந்துபோய் நின்றார்கள். வெடித்துச் சிதறிய அதே தாழ்வாரத்தில் நின்று, ஆயுதம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள் என்று அவர் சொன்னார். கூட்டம் கலைந்தது. இது பலருக்குத் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி இனிமேல்தான். அதற்குப் பிறகு கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். தரவில்லை. வீட்டில் காவலுக்குத் துப்பாக்கிகள் இருந்தன. காந்திய வழியில் ஊறிய பேயர்ட் ரஸ்டின் போன்றவர்கள் வந்து, தலைவரின் வீட்டில் துப்பாக்கி இருந்தால் தொண்டர்கள் எதை நம்புவார்கள் என்று அவரோடு பேசிப் பேசித்தான் அந்தத் துப்பாக்கிகள் வீட்டை விட்டுப் போயின.

ஒரு இளம் தகப்பன், மனைவியும் குழந்தையும் சாகப் பார்த்ததைக் கண்டவன், பயந்து துப்பாக்கியைத் தேடியவன், மெல்ல மெல்ல அதைக் கீழே வைக்கக் கற்றுக்கொண்டான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மனிதனைத்தான் பிடிக்கும் என்பது என் நம்பிக்கை. அவனுக்கும் கோபம் வருகிறது. கோபமே வராத ஒருவரைக் காட்டினால் கும்பிட்டுவிட்டு மறந்துவிடுவான்.

காந்தியைப் பற்றி கிங் முதலில் ஆழமாகக் கேட்டது இறையியல் மாணவராக இருந்தபோது, 1950இல், பிலடெல்பியாவில் ஹோவர்டு பல்கலைக்கழகத் தலைவர் மொர்டெகாய் ஜான்சன் ஆற்றிய ஒரு சொற்பொழிவில். கேட்ட வேகத்தில் போய்க் காந்தி பற்றிய அரை டஜன் புத்தகங்களை வாங்கினார். ஒரு பேச்சு ஒருவரைப் புத்தகக் கடைக்கு அனுப்பியது. 1959 பிப்ரவரியில் கோரெட்டாவுடன் இந்தியா வந்து ஒரு மாதம் சுற்றினார். சென்னைக்கும் காந்திகிராமத்துக்கும் வந்தார். கன்னியாகுமரியில் பாறைமேல் அமர்ந்து, மேற்கே சூரியன் கடலில் இறங்குவதையும் கிழக்கே நிலா எழும்புவதையும் ஒன்றாகப் பார்த்ததைப் பின்னாளில் பிரசங்கத்தில் நினைவுகூர்ந்தார். பௌர்ணமி நாளில் அங்கே நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும்.

திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கு அவரை அழைத்துப் போனார்கள். தலைமையாசிரியர் பிள்ளைகளிடம் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற இன்னொரு தீண்டத்தகாதவர் என்றார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டில் ஒதுக்குப்புறச் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் இரண்டு கோடிக் கருப்பின மக்களை எண்ணிப் பார்த்தார். ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். 1965இல் அட்லாண்டாவில் தன் சபை மக்களிடம் இதை அவரே சொன்னார். ஒரு தலைமையாசிரியர் ஒரு சொல்லால் உலகம் அறிந்த தலைவருக்குக் கண்ணாடி பிடித்தார். இந்தச் சம்பவத்தை நம் மேடைகளில் ஏன் சொல்வதில்லை? சாதியைப் பற்றிப் பேச வேண்டி வந்துவிடும் என்ற தயக்கமா? அப்படியானால் அமெரிக்க நிறவெறியைக் கண்டித்து நம் பிள்ளைகள் கைதட்டல் வாங்குவதில் என்ன பொருள் இருக்கிறது?

நாக்பூரில் ஒரு கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே காந்திய வழியைக் கற்ற ஜேம்ஸ் லாசன் என்ற அமெரிக்க இளைஞர், மாண்ட்கோமரிச் செய்தியை இங்கேதான் செய்தித்தாளில் படித்தார். ஊர் திரும்பி நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். அது எப்படிப்பட்ட வகுப்பு தெரியுமா? நாற்காலி போட்டு உணவகம் மாதிரி அமைப்பார்கள். ஒரு பிள்ளை அதில் உட்கார வேண்டும். நண்பர்களே எதிராளி வேடமிட்டு வந்து கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். திருப்பி அடிக்காமல், தலையைக் கையால் மறைத்துக்கொண்டு எப்படி விழுவது என்று பழக வேண்டும். வாரக்கணக்கில் இதே பயிற்சி. 1960இல் அவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே இடம் தந்த உண்மையான உணவகங்களில் போய் உட்கார்ந்தபோது, அடி விழுந்தது. கை திரும்ப எழவில்லை. சிலம்பம் கற்கிறவன் வருடக்கணக்கில் சுவடு பழகுகிற மாதிரிதான் இதுவும்.

அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் 1963இல் போராட்டத்தில் சேர்ந்த தொண்டர்கள் ஓர் உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட வேண்டும். கையாலும் நாவாலும் மனத்தாலும் வன்முறை செய்யமாட்டேன் என்பது அதில் ஒரு வரி. மனம் வாக்கு காயம் என்று நாம் சொல்கிறோமே, அதேதான். அடி வாங்கிக்கொண்டு பொறுமையாக இருக்க என்னால் முடியாது என்றவர்களை விரட்டிவிடவில்லை. தட்டச்சு செய்யவும் தொலைபேசி எடுக்கவும் வேறு வேலை கொடுத்தார்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பல பள்ளிகளில் கிங்கின் பெயர் பிள்ளைகளை அடக்கி வைக்கப் பயன்படுகிறது. 'பாருங்கள், அவர் எவ்வளவு அமைதியானவர், நீங்களும் அமைதியாக இருங்கள்' என்று ஒழுக்க வகுப்பில் சொல்கிறோம். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கூட்டமாய் வந்து கேட்ட மாணவிகளிடம் இதே வாசகம் சொல்லப்பட்டதை நான் அருகில் நின்று கேட்டிருக்கிறேன்.

1963 ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று கிங் பர்மிங்ஹாமில் கைதானார். சிறையில் இருந்தபோது, இந்தப் போராட்டம் காலத்துக்குப் பொருந்தாதது, பொறுங்கள் என்று எட்டு வெள்ளை மதகுருமார்கள் விடுத்த அறிக்கை அவர் கைக்கு வந்தது. எழுதத் தாள் இல்லை. அந்தச் செய்தித்தாளின் ஓரத்து வெற்றிடத்தில் பதில் எழுதத் தொடங்கினார். வெளியே கடத்தி, தட்டச்சு செய்து, அதுவும் ஒரு திறந்த மடலாகத்தான் உலகத்துக்குப் போனது. 'பொறு' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் 'ஒருநாளும் இல்லை' என்றுதான் பொருள் என்று அதில் எழுதினார். பதற்றம் இல்லாதிருப்பதை அமைதி என்று நினைக்கிற நல்லவர்கள்தான், வெளிப்படையான வெறியரைவிடப் பெரிய தடை என்றும் எழுதினார். அறவழிப் போராட்டம் பதற்றத்தை உண்டாக்கத்தான் வருகிறது. பேச மறுப்பவரைப் பேச வைக்க அந்தப் பதற்றம் வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கும் ஒழுங்கு சொன்னார். முதலில் அநீதி உண்மையிலேயே இருக்கிறதா என்று தகவல் திரட்ட வேண்டும். பிறகு பேச்சுவார்த்தை. அது முறிந்தால், அடியையும் சிறையையும் தாங்குவோமா என்று தங்களைத் தாங்களே கேட்டுத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். அதன்பிறகே தெருவில் இறங்குவது. கழிப்பறைத் தண்ணீருக்காக வந்த அந்த மாணவிகள் முதல் இரண்டு படியைத் தாமாகவே ஏறியிருந்தார்கள். எத்தனை குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எண்ணிக்கை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அந்த மே மாதம் பர்மிங்ஹாமில் பள்ளிப் பிள்ளைகளே வகுப்பை விட்டு ஊர்வலமாக வந்தார்கள். நாய்களும், தோலை உரிக்கிற வேகத்தில் தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்புக் குழாய்களும் அவர்கள்மேல் ஏவப்பட்டன. பிள்ளைகளை இறக்கலாமா என்று கிங்குக்கே பெரிய தயக்கம் இருந்தது. எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு, இன்றுவரை தீரவில்லை. பிள்ளைகள் விவாதிக்கட்டும். ஒரு தலைப்பாக அதைக் கொடுத்துப் பாருங்கள்.

நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற அந்த உரைகூட முழுமையாக நம்மிடம் வந்து சேரவில்லை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் நடந்தது வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. குறைந்தபட்சக் கூலி மணிக்கு இரண்டு டாலர் வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. இரண்டரை லட்சம் பேர் கூடிய அந்தக் கூட்டத்தை இரண்டே மாதத்தில் ஒருங்கிணைத்தவர், நான் முன்பு சொன்ன ரஸ்டின். வந்தவர்களுக்காக 80,000 சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினார்கள். உள்ளே பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. கிங் தன் உரையின் முற்பகுதியில், அமெரிக்கா கருப்பினத்தவருக்குக் கொடுத்த காசோலை வங்கியில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது என்றார். எழுதிக் கொண்டுவந்த உரையில் 'கனவு' இல்லவே இல்லை. பின்னால் இருந்த பாடகி மகாலியா ஜாக்சன், "கனவைப் பற்றிச் சொல்லுங்கள் மார்ட்டின்" என்று குரல் கொடுத்தார். காகிதத்தை விட்டுவிட்டு அவர் பேசத் தொடங்கிய பகுதியைத்தான் நாம் அறுபது வருடமாக ஒப்பிக்கிறோம். அந்தக் காசோலைப் பகுதியை ஒரு பிள்ளையாவது பேசக் கேட்க எனக்கு ஆசை.

உயிரோடு இருந்தபோது அவரை எல்லாரும் கொண்டாடினார்கள் என்றும் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1964இல் நோபல் பரிசு வந்தது உண்மை. அந்தப் பணத்தை முழுக்கப் போராட்டத்துக்கே கொடுத்தார். ஆனால் 1966இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 விழுக்காட்டினர் அவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். அந்த ஆண்டு சிகாகோவில் குடியிருப்பு உரிமைக்காக ஊர்வலம் போனபோது தலையில் கல்லடி பட்டது. 1967இல் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியதும் நண்பர்களே விலகினார்கள்.

கடைசியாக அவர் போனது குப்பை அள்ளும் தொழிலாளர்களிடம். 1968 பிப்ரவரி 1 அன்று டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் நனையாமல் இருக்கக் குப்பை லாரியின் பின்பெட்டிக்குள் ஒதுங்கினார்கள். குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கி இருவரையும் நசுக்கியது. ஓட்டைத் தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து, அழுக்கு நீர் உடம்பில் வழிய வேலை பார்த்தவர்கள் அவர்கள். பிப்ரவரி 12 அன்று 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'நான் மனிதன்' என்று மட்டும் எழுதியிருந்தது. அங்கே கிங்கை அழைத்தவர், நாக்பூரில் செய்தித்தாள் படித்த அதே ஜேம்ஸ் லாசன். மார்ச் 28 ஊர்வலத்தில் கல்வீச்சும் கடை உடைப்பும் நடந்தன. பதினாறு வயதுப் பையன் ஒருவன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானான். கிங் உடைந்துபோனார். ஆனாலும் ஒழுங்காக ஒரு ஊர்வலம் நடத்திக் காட்டியே தீர்வேன் என்று திரும்பி வந்தார். ஏப்ரல் 4 மாலை விடுதி மாடத்தில் நின்றிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். வயது 39. நான்கு நாள் கழித்து கோரெட்டா பிள்ளைகளோடு வந்து அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக் கூலியையும் உயர்த்தியது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. வருகிற ஜனவரி 15, அவர் பிறந்த நாளுக்குப் போட்டி வைப்பீர்கள். தயவுசெய்து 'கனவு' என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். ஜார்ஜியா கில்மோரின் அடுப்படி, பதினைந்து வயது கிளாடெட், மெம்பிஸ் மழை, செய்தித்தாள் ஓரத்தில் எழுதிய கடிதம் என்று கொடுங்கள். உரையை நீங்கள் எழுதித் தராமல் படிக்கப் புத்தகம் கொடுங்கள். திக்கித் திணறிச் சொன்னாலும் அது அந்தப் பிள்ளையின் சொல்லாக இருக்கும். குரல், உடல்மொழி இரண்டுக்கும் இப்போது நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் வைத்திருக்கிறோம். அதைப் பத்தாக்கி, மீதி முப்பதைப் பேச்சு முடிந்த பிறகு கேட்கும் கேள்விகளுக்கு வையுங்கள். கேள்வியை நடுவர் மட்டும் கேட்க வேண்டியதில்லை, கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் கேட்கட்டும். பரிசு ஒருவருக்குத்தான் என்ற வழக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மூன்று பேராகச் சேர்ந்து தயாரித்து, சேர்ந்து மேடையேறினால் என்ன குறைந்துவிடும்?

அந்தச் சிறுமியின் பள்ளிக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவளுக்கு அன்று நாங்கள் கொடுத்த மதிப்பெண் தவறு என்று என் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த போட்டிக்கு அழைத்தால் வருவேன். அப்பா கோட்டோடு அந்தப் பையனும் வந்தால், அதே கேள்வியை அவனிடம் மறுபடி கேட்பேன். அதற்குள் அவனுக்கு மாண்ட்கோமரியைச் சொல்லிக் கொடுத்திருங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடுவர் நாற்காலியில் அமர்பவன்